ஒரு பருவத்தின் அளவீடும் மூன்று தலைமுறையின் உடலும்

காட்டுப்பள்ளி முதல் திருவொற்றியூர் வரையிலான கடற்கரைத் திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும் வல்லுநர்களுக்கும், அவ்வறிக்கைகளைப் பரிசீலிக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஒரு துறைமுகமோ அனல்மின் நிலையமோ வருவதற்கு முன்னர் அவ்விடத்துக் காற்றும் நீரும் மண்ணும் எந்நிலையில் உள்ளன என்று அளந்து பதிந்து வைப்பதை ‘அடிப்படை நிலை’ என்று தங்கள் துறை வழங்குகிறது. 2006ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை ஒட்டி வளர்ந்த நடைமுறைப்படி, பல திட்டங்களுக்கு இந்த அளவீட்டை மழைக்காலம் நீங்கலான ஒரே பருவத்தில், ஏறத்தாழ மூன்று மாதங்களில், முடித்துவிடலாம். திட்டத்தால் கூடக்கூடிய தூசும் கழிவுநீரும் இரைச்சலும் அந்த மூன்று மாத எண்களோடு கூட்டப்பட்டு, வரம்புக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்கப்படுகின்றன. இம்மடல் அந்தக் காலக்கணக்கைக் குறித்தது. கருவுற்ற பெண் உண்டதும் சுவாசித்ததும் அவள் வயிற்றுக் குழந்தையின் முதுமை வரை தொடரக்கூடும் என்பதற்கு உயிரியல் இன்று வலுவான சான்றுகளை வைத்திருக்கும்போது, அப்பெண் வாழும் ஊரின் நலவாழ்வை ஒரு பருவத்தைக் கொண்டு எடைபோடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது.

வடக்கே பழவேற்காட்டு ஏரியும் தெற்கே எண்ணூர்க் கழிமுகமும், மேற்கே கொசஸ்தலையாற்றின் உப்பங்கழிகளும் பக்கிங்காம் கால்வாயும், கிழக்கே வங்கக் கடலும் சூழ்ந்த மணல்திட்டு காட்டுப்பள்ளி. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரில் 1970இல் அனல்மின் நிலையமும், கழிமுகத்தின் மறுகரையில் 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் தம் கரையை விட்டு இடம்பெயர்ந்த பின், 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதன்பின் முன்வைக்கப்பட்ட விரிவாக்கத் திட்டம், 330 ஏக்கரை 6,111 ஏக்கராகவும், ஆண்டுக்கு 2.46 கோடி டன் சரக்கை 32 கோடி டன்னாகவும் பெருக்கக் கருதியது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரு முறையும் நடைபெறவில்லை. அந்தத் திட்டமோ அதைப் போன்ற வேறொன்றோ மீண்டும் தங்கள் மேசைக்கு வரும்போது இங்கே சொல்லப்படுபவை கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்பதே வேண்டுகோள்.

எபிஜெனிடிக்ஸ், தமிழில் மேல்மரபியல், என்னும் சொல்லை 1942இல் ஆங்கிலேய உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் ஆக்கினார். ஓர் உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ. இருந்தும், ஓர் அணு ஈரலாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆவது எப்படி என்னும் கேள்வியிலிருந்து வளர்ந்த துறை இது. டி.என்.ஏ.வை ஒரு பெரிய சுவடிக் கட்டாகக் கொண்டால், எந்த ஏட்டைப் பிரித்துப் படிப்பது, எதைக் கயிறிட்டுக் கட்டி வைப்பது என்னும் ஏற்பாட்டைப் பற்றியது மேல்மரபியல். ஏட்டிலுள்ள எழுத்து மாறுவதில்லை. அந்தக் கயிறுகளுள் நன்கு ஆராயப்பட்டது மெத்திலேற்றம். கரியணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் மூன்றும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு தொகுதி, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசின் மீது ஒட்டிக்கொள்வதே மெத்திலேற்றம். ஒரு மரபணுவின் முகப்பில் இது மிகும்போது பெரும்பாலும் அம்மரபணு அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின் மீதும் இத்தகைய அடையாளங்கள் ஏறுகின்றன. இவற்றுட் சில வாழ்நாள் முழுதும் நிலைப்பவை, சில உணவாலும் நோயாலும் நச்சாலும் இடர்ப்பாட்டாலும் மாறுபவை.

மனிதரிடம் இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று நெதர்லாந்திலிருந்து வந்தது. 1944 இறுதியில் ஜெர்மானியப் படைகள் உணவு வரத்தை மறித்ததால் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் மூண்ட பஞ்சம், 1945 மே மாத விடுதலையோடு முடிந்தது. அப்பஞ்சத்தின்போது கருவான அறுபது பேரை, பஞ்சத்துக்கு ஆட்படாத அவர்களுடைய உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில் மெத்திலேற்றம் குறைந்திருந்ததைக் காட்டியது. இங்கே ஓர் உடற்கூற்று உண்மையையும் சேர்த்து எண்ண வேண்டும். பெண் குழந்தையின் கருமுட்டைகள் அக்குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுவதால், ஒரு பெண் கருவுற்றிருக்கும் நாளில் அவள் உடலுக்குள் அவளும், அவள் மகளும், மகளின் வருங்காலக் குழந்தைக்கான முட்டையும் ஆக மூன்று தலைமுறை ஒரே காற்றுக்கும் ஒரே நீருக்கும் ஆட்படுகின்றன. தலைமுறைக் கணக்கு என்று இம்மடல் சொல்வது இந்த எளிய எண்ணிக்கையைத்தான்.

ஆனால் இந்த அறிவியலை அதன் வரம்பு கடந்து நீட்டுவது ஏற்கத்தக்கதன்று. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதும், கருத்தரித்த முதல் நாட்களிலும், மேல்மரபு அடையாளங்களில் பெரும்பகுதி துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது; ஆகவே கொள்ளுப்பாட்டியின் பசி அடையாளமாகவே கொள்ளுப்பேத்திக்கு வந்து சேர்கிறது என்னும் கூற்றுக்கு மனிதரிடம் சான்று மெலிதாகவே உள்ளது. யூத இன அழிப்பிலிருந்து தப்பியோரின் பிள்ளைகளைப் பற்றிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வும் சில பத்துப் பேரை மட்டுமே கொண்டதென்று அறிவியலாளர்களே குறை சொல்லியிருக்கின்றனர். இந்தியாவில் நடந்த ஆய்வுகள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. புணே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990களில் சுற்றுக் கிராமங்களில் தொடங்கிய ஆய்வில், அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் எடை குறைந்த புணே குழந்தைகளின் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தும், தோலுக்கடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் உடலின் தொடக்கம் அது. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஐம்பது தலைமுறை அரைவயிறாக வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பின்னர் இரண்டு தலைமுறை முழு உணவு கொடுத்தும் அவற்றின் உடற்கோளாறு மீளவில்லை. இன்சுலின் மரபணுவின் ஹிஸ்டோன் அடையாளங்களும் மாறியே இருந்தன.

எலியை மனிதரோடு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் நெதர்லாந்தையும் அந்த எலிக்கூண்டையும் அருகருகே வைத்தால் காட்டுப்பள்ளியைப் பற்றிய முதன்மையான கேள்வி எழுகிறது. நெதர்லாந்தில் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் மக்கள் போதுமான அளவு உண்டனர். துன்பத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. கொசஸ்தலையாற்றங்கரைக்கு அத்தகைய முடிவு நாள் எது? காட்டுப்பள்ளியின் மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் வடபகுதி 1806 முதலே எண்ணூர் நோக்கி வெட்டப்பட்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை 1876–78 தாது வருடப் பஞ்சத்தின் நிவாரண வேலையாகப் பசித்த மக்களே வெட்டினர், அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. அப்பஞ்சத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும். அந்தப் பசியின் அடையாளம் இன்றைய குருதியில் இருக்கிறதா என்று தேடுவதைவிட, அதன்பின் வந்த தலைமுறைகளில் எதற்கேனும் நிறைவான உணவும் தூய நீரும் அச்சமற்ற குடியிருப்பும் ஒருசேரக் கிடைத்தனவா என்று கேட்பதே பயனுள்ளது. எலிகளுக்கு இரண்டு தலைமுறை முழு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். இக்கரைக்கு அந்த ஓய்வு ஒரு தலைமுறைக்கும் கிடைக்கவில்லை. ஆறிய புண்ணின் தழும்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் புண் ஆறவிடப்பட வேண்டும்.

உணவுக்கும் நச்சுக்கும் இடையிலான உறவு மேல்மரபியலில் மிக நுட்பமானது. தங்கள் அறிக்கைகளோ மீன்வளத்தை ஓர் இயலிலும் மக்கள் நலவாழ்வை வேறோர் இயலிலும் பிரித்து வைப்பதால் அது கண்ணுக்குப் படாமலே போகிறது. டி.என்.ஏ. மீது ஒட்டும் மெத்தில் தொகுதி வானிலிருந்து வருவதில்லை. ஃபோலேட், கோலின், பி12 ஆகிய சத்துகளின் துணையோடு உண்ட உணவிலிருந்தே உடல் அதைத் திரட்டுகிறது. புணே கிராமத்துத் தாய்மார்களிடம் பரவலாகக் குறைந்திருந்த பி12, கடலோர மக்களுக்கு மீனிலும் நண்டிலும் மட்டியிலும் கிடைத்துவந்தது. விற்றது போகக் குழம்புக்கு ஒதுக்கும் பொடிமீன், ஏழை வீட்டின் மருந்துப் பெட்டி என்று சொல்லத்தக்கது. இனி ஆர்செனிக்கை எடுத்துக்கொள்ளலாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், பாதரசம் முதலியன சிறிதளவிலேனும் கலந்திருக்கும். உடலுக்குள் வரும் ஆர்செனிக்கை வெளியேற்ற ஈரல் பயன்படுத்துவதும் அதே மெத்தில் தொகுதியைத்தான்; வங்கதேசத்தில் ஆர்செனிக் கலந்த கிணற்றுநீரைக் குடித்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது அவர்கள் குருதியில் ஆர்செனிக் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. அப்படியானால், கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் தூர்ந்து, இறாலும் நண்டும் மடவையும் அருகும்போது நிகழ்வது இரட்டை இழப்பு: நச்சு கூடுகிறது, நச்சை எதிர்க்கும் சத்து அதே நேரத்தில் தட்டிலிருந்து அகல்கிறது. மீன்பிடிப்பின் இழப்பை வருமான இழப்பாக மட்டும் ரூபாயில் எழுதும் அறிக்கை, ஒரு கருவுற்ற பெண்ணின் உடலில் நடக்கும் இந்தக் கூட்டல் கழித்தலை எழுதாமல் விட்டுவிடுகிறது.

மழைக்காலத்தை அளவீட்டிலிருந்து நீக்கும் வழக்கமும் இங்கே பெரும் பிழை. மிக்ஜாம் புயலின் வெள்ளம் 2023 டிசம்பரில் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெயைக் கொசஸ்தலையாற்றின் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கொண்டுவந்து, அலையாத்திச் செடிகளின் வேரிலும் வலையிலும் படகிலும் வீட்டுச் சுவரிலும் பூசியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா மக்களை உறக்கத்திலிருந்து எழுப்பித் தெருவுக்கு ஓடவைத்தது. வடகிழக்குப் பருவமழையே இந்நிலத்தின் ஆண்டை நிர்ணயிக்கிறது. ஆற்றின் நஞ்சு கடலை நோக்கிப் பெயர்வது அப்போதுதான். அந்த மாதங்களை விட்டுவிட்டு எடுத்த நீர் மாதிரி, வடியும்போது பார்க்காமல் வடிந்தபின் பார்த்த வெள்ளத்துக்கு ஒப்பு. எண்ணெய்ப் படலத்துக்குப் பின் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. எண்ணெயைக் கைகளால் வழித்தவர்களுள் அன்று கருவுற்றிருந்தவர்களுக்கும், அவர்கள் வயிற்றில் இருந்தவர்களுக்கும் அத்தொகையில் கணக்கு ஏதும் இல்லை.

‘மீனவர்’ என்னும் ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடக்குவதும் மதிப்பீட்டைப் பிழைபடச் செய்கிறது. பழவேற்காட்டு நீர்ப்பரப்பில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலையிடுவது என்பதை ஊர்கள் தமக்குள் முறைவைத்துக்கொள்ளும் பாடு என்னும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. வளத்தைக் காத்த ஏற்பாடு அது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த உரிமை பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்களுக்குரியதாக இருந்துவந்ததால், பழங்குடியினரான இருளர்களும் தலித் மக்களும் பாட்டுக்கு வெளியே நின்றனர். இடுப்பளவு நீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடும் இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. நீருக்கும் அவர்கள் தோலுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பின்னும், திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்டோரில் இருளர் பலர். துறைமுகமும் ஆலையும் தரும் கேடு வந்து சேர்வதற்கு முன்னரே, சாதியும் கடனும் தந்த கேடு அவ்வுடல்களில் வந்து தங்கிவிட்டது என்பதை அறிக்கை சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத அறிக்கை, மிக அதிகமாகப் பாதிக்கப்படுவோரைச் சராசரிக்குள் மறைத்துவிடும்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பரம்பரை என்னும் சொல் இந்நாட்டில் ஏழை மக்களுக்கு எதிராகப் பயன்பட்ட வரலாறு உண்டு. 1871இல் இயற்றப்பட்டு 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவேட்டில் ஏற்றியது. ‘இவர்கள் உடல் வழிவழியாகவே பழுதுபட்டது’ என்னும் புதிய பதிவேடு மேல்மரபியலின் பெயரால் எழுதப்படுமானால், நோய்க்குக் காரணம் புகைபோக்கியிலிருந்து மக்களின் குருதிக்கு இடம் மாறிவிடும். தாய் சரியாக உண்ணவில்லை, சரியாக வளர்க்கவில்லை என்று பழி அவள் மீதே விழும். அறிவியல் சொல்வது அதற்கு மாறானது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தாய் எலி அதிகம் நக்கி அரவணைக்காத குட்டிகளின் மூளையில், இடர்ப்பாட்டு ஹார்மோனை அடக்கும் மரபணு மெத்திலேற்றத்தால் ஒடுங்கியிருந்தது. குட்டியை அரவணைக்கும் வேறொரு தாயிடம் மாற்றி வளர்த்தபோது அந்த அடையாளமும் மாறியது. தாய் எலியை நெருக்கடியில் வைத்தாலே அதன் அரவணைப்புக் குறைந்துவிடும் என்பதையும் இவ்வகை ஆய்வுகள் கண்டன. கேட்கப்பட வேண்டிய கேள்வி, அவளை நெருக்கியது எது என்பதே.

நன்மையும் அவ்வாறே தலைமுறை கடக்கிறது. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்த மதிய உணவு பின்னர் நாடெங்கும் பரவியது; இந்தியா முழுவதற்குமான தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வொன்று, பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த பெண்களின் பிள்ளைகள், அவ்வுணவு கிடைக்காத பெண்களின் பிள்ளைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்ததைக் கண்டது. அம்மா பள்ளியில் உண்ட சோறு பிள்ளையின் உயரமாகிறது. இங்கே மேல்மரபு அடையாளத்தை எவரும் அளக்கவில்லை. அளக்காமலே பயன் தெரிந்தது. எனவே பாதிப்பை ஏற்பதற்கு முன் மக்கள் தம் உயிரணுவில் அடையாளத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்று எந்தக் குழுவும் கேட்கலாகாது.

அளக்கக் கூடிய எளிய சான்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. சென்னையிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 1,285 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, காற்றில் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பெடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. நான்கு கிராம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு திட்டமும் தான் கூட்டுவதை மட்டும் தனியே காட்டி, தனக்கு முன்வந்தவை கூட்டியதை எல்லாம் ‘அடிப்படை நிலை’க்குள் தள்ளிவிடுவதுதான் அறிக்கைகளின் வழக்கம். இன்று காட்டுப்பள்ளியில் அளக்கப்படும் அடிப்படை, 1969 முதல் அடுக்கடுக்காக ஏறியதன் கூட்டுத்தொகை. அதை இயற்கை நிலை போலக் கொண்டு, அதன் மேல் இன்னொரு சிறு எண்ணைச் சேர்ப்பது, முந்தைய கேடு அனைத்துக்கும் ஒப்புதல் வழங்குவதாகிறது.

தமிழ்நாட்டில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பிக்மி என்னும் பதிவேட்டு எண் வழங்கப்படுகிறது. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் பெறுவதும் கடினம். கிராம சுகாதார செவிலியர்கள் ஆண்டாண்டாகப் பதிந்துவரும் அந்தப் பதிவேட்டில் பிறப்பெடையும் இரத்தசோகையும் குறைமாதப் பிறப்பும் கருச்சிதைவும் உண்டு. பெயர்களை நீக்கி, மீஞ்சூர் வட்டாரத்திலும் எண்ணூரிலும் ஊர்வாரியாக அவற்றைத் தொகுத்து, தொழிற்சாலை இல்லாத வேறு கடற்கரை வட்டாரங்களோடு ஒப்பிட்டு, இருளர் குடியிருப்புகளைத் தனி நிரலில் காட்டி, ஒவ்வொரு அறிக்கையின் நலவாழ்வு இயலிலும் வெளியிடலாம். அதற்கு எவருடைய விரலிலும் ஊசி ஏற்ற வேண்டியதில்லை. நீர் அளவீடு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கட்டாயம் நடைபெற வேண்டும். நண்டும் இறாலும் மடவையும் இக்கரை மக்கள் உண்ணும் அளவில் சோதிக்கப்பட வேண்டும். ஐந்தாண்டுக்கொருமுறை அதே ஊர்களில் அதே கணக்கு மீண்டும் எடுக்கப்பட வேண்டும்.

இப்போதைய விதிப்படி முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க, சுருக்கம் மட்டுமே தமிழில் தரப்படுகிறது. அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கு முன், நலவாழ்வு இயல் முழுவதும் தமிழில் அச்சிடப்பட்டு, குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் எழுத்தறியாதோருக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். அலையிறக்க நேரத்தில் கழியில் நிற்க வேண்டியிருப்பவர்களும் வந்து பேசக்கூடிய வேளையில் கூட்டம் கூட்டப்பட வேண்டும்.